மழை வராது என்று எழுதித் தரவும்

ஜூலை 4

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. கவனித்திருப்பாய். கோபம் அப்படியேதான் இருக்கிறது, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இது பள்ளிக்கூட விஷயம்.

இந்த வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அறிவியலில் வானிலைப் பாடம் வந்தது. கரும்பலகையில் மேகம் வரைந்து, "மேகம் பஞ்சு மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். வகுப்பே அவளைக் 'கேள்வி' என்றுதான் கூப்பிடும். அவள் எழுந்து, "தொட்டுப் பார்த்திருக்கீங்களா டீச்சர்?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்போ பஞ்சு மாதிரின்னு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்து மேகத்தைத் தொட்டவள் ஒருத்திதான். அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "எங்க அக்கா மலை மேல வானிலை நிலையத்துல வேலை பாக்கறாங்க. அவங்க தினமும் மேகத்துக்குள்ளதான் நடக்கறாங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வகுப்பில் வேறு பாடம் நடத்த முடியவில்லை. "எப்போ டீச்சர் போறோம்?" என்று ஒரே பல்லவி. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். மலையைக் காலண்டரில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் இவர்கள்.

அழைத்து வரலாமா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நலம் விசாரிக்க வேண்டாம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை

(உன் தங்கச்சியும்தான்.)


ஜூலை 11

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், எழுதிவிட்டேன். சாமான் ஏற்றிவரும் ஜீப் கீழே போக இன்னும் நேரம் இருப்பதால் மீதியும் எழுதுகிறேன். வேண்டாமென்றால் இதோடு மடித்து வைத்துவிடு.

மேகம் பஞ்சு மாதிரி இல்லை. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர்கள் கதவைத் திறந்ததும் குளியலறையிலிருந்து ஒரு ஈரம் முகத்தில் அடிக்குமே, அதைக் குளிர வைத்தால் மேகம். உள்ளே நடந்தால் இமையில் நீர் கோக்கும். கேள்வியிடம் சொல். பஞ்சு என்று எழுதிய பாடப்புத்தகக்காரரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

பஸ் கடைசி வளைவு வரைக்கும் வரும். அதற்கு மேல் நடை. குழந்தைகள் ஏறிவிடுவார்கள், டீச்சர்கள்தான் சந்தேகம். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல். சாப்பிட இல்லை. எதற்கு என்று வரும்போது தெரியும்.

நலம் விசாரிக்கக் கூடாது என்றதால் விசாரிக்கவில்லை. உன் வீட்டுக்காரரையாவது விசாரிக்கலாமா? இன்னும் முகத்தைக்கூடப் பார்க்காத மாப்பிள்ளை.

அக்கா


ஜூலை 16

அக்காவுக்கு,

வீட்டுக்காரர் நலம். முகத்தைப் பார்க்காதது யாருடைய தப்பு என்பதில் நான் இறங்கப் போவதில்லை.

கரையேறிவிட்டோம் என்று நினைத்தால் படகிலேயே ஓட்டை. எங்கள் தலைமையாசிரியை சம்மதிக்கவில்லை. நல்லவர்தான். ஆனால் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளை தும்மினால் அறைக்குள்ளிருந்து "யாரது?" என்று குரல் வரும். சுற்றுலா என்றதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மலை... மழை... குழந்தைங்க... யார் பொறுப்பு?" என்றார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது.

"உங்க அக்கா வானிலைக்காரங்களா? அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. அன்னிக்கு மழை வராதுன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வெச்சு வாங்கிட்டு வாங்க. நான் உடனே அனுமதி தர்றேன்."

ஆகஸ்ட் இருபதாம் தேதிக்கு எழுதி அனுப்பு அக்கா. ஒரு வரி போதும். பிள்ளைகள் இப்போதே பையைத் துடைத்து வைத்துவிட்டார்கள். கேள்வி ஒரு டப்பாவைக் கழுவிக் காயவைத்திருக்கிறாளாம், மேகம் பிடித்துவர.

தங்கச்சி


ஜூலை 22

தங்கச்சிக்கு,

எழுத மாட்டேன்.

நான் சொல்கிறவள் இல்லை, பார்க்கிறவள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வெளியே போய், காற்று எவ்வளவு, குளிர் எவ்வளவு, மேகம் எங்கே என்று பார்த்துக் கீழே அனுப்புவதுதான் என் வேலை. நாளைக்கு என்ன ஆகும் என்பதை வேறு ஊரில் வேறு ஆட்கள் பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அவர்களே 'வாய்ப்பு உண்டு' என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இத்தனை வருடமாகச் சொல்லியும் நம் வீட்டில் யாருக்கும் இது ஏறவில்லை. அம்மா இன்னமும் துணி காயப்போட என்னைக் கேட்கிறாள்.

நடக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடக்காமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனி எதற்கும், யாருக்கும் எழுதித் தருவதில்லை என்று முடிவு பண்ணி ஒரு வருடமாகிறது.

பிள்ளைகளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அக்கா


ஜூலை 26

அக்காவுக்கு,

பிள்ளைகள் உன்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்.

எழுதித் தருவதில்லையாம்! நீ எழுதித் தந்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு முந்தின மாதம் வந்தது. 'கட்டாயம் வருவேன், முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை' என்று உன் கையெழுத்தில். போட்டு வைத்தேன். முந்தின நாள் பாறை மேல் ஏறி நின்று, விட்டு விட்டுக் கேட்கிற சிக்னலில் போன் பண்ணினாய். மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார், வர முடியாது என்றாய். அழுகையை அடக்கிக்கொண்டு "அங்க மழையா?" என்று கேட்டேன். "இங்க பளிச்சுன்னு இருக்கு" என்றாய். அதை நம்பிக் கூடாரக்காரரைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் திறந்த புல்வெளியில், மோதிரம் மாற்றுகிற நேரத்தில் கொட்டியது பார் ஒரு மழை! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தக் கதைதான்.

ஒரு வருடமாக எல்லோரிடமும் மழையைச் சொல்லித்தான் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? நனைந்ததில் எனக்கு ஒன்றுமே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடினார்கள். முதல் வரிசையில் ஒரே ஒரு நாற்காலியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது அப்படியே நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் போட்டோவில் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

ஒரு தடவை நீ அளக்காவிட்டால் வானம் இடிந்தா விழுந்துவிடும்?

தலைமையாசிரியையிடம் அக்கா மறுத்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தங்கச்சி


ஆகஸ்ட் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து பல தடவை எழுந்துவிட்டேன். நாற்காலி விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு இப்போது எழுதத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன். இதோடு இன்னொரு தாள் இருக்கிறது. உங்கள் தலைமையாசிரியைக்கு. கொடுத்துப் பார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

அக்கா

(இணைப்பு)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மழை வராது என்று என்னால் எழுதித் தர முடியாது. வந்தால் என்ன செய்வோம் என்பதை எழுதித் தருகிறேன். வகுப்பு முழுவதும் உட்கார நிலையத்தில் ஒரு பெரிய அறை இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. துண்டுகள் இருக்கின்றன, கொஞ்சம் பழசு, ஆனால் துவைத்தவை. இடி இடித்தால் யாரும் வெளியே கால் வைக்க மாட்டார்கள், நான் வாசலை மறித்து நிற்பேன். வழியில் மேகம் இறங்கிக் கண் மறைத்தால் கயிறு பிடித்து நடக்கலாம், கயிறு என்னுடையது. காலையில் பாதை சரியில்லை என்று எனக்குத் தோன்றினால் பஸ் கிளம்பும் முன்பே அலுவலக லைனில் சொல்லிவிடுவேன், வேறொரு நாள் வரலாம். எல்லோருக்கும் மழைச்சட்டையோ குடையோ இருந்தால் நல்லது. வானிலையைப் பற்றிப் படிக்க வருகிற பிள்ளைகள் அதில் கொஞ்சம் நனைவதில் தவறில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

மலை வானிலை நிலையக் கண்காணிப்பாளர்


ஆகஸ்ட் 9

அக்கா!

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

உன் தாளைக் கொடுத்துவிட்டு மேஜை ஓரமாக நின்றேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். 'வாசலை மறித்து நிற்பேன்' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். "வராது வராதுன்னு சொல்றவங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல டீச்சர். வந்தா என்ன பண்ணணும்னு தெரிஞ்சவங்ககிட்ட குழந்தைங்களை விடலாம்" என்றார். வராது என்று எழுதி வாங்கி வரச் சொன்னதே அவர்தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, எனக்கும் வேலை வேண்டும்.

அதோடு விட்டாரா? யார் யாருக்குக் குடை இல்லை என்று பெஞ்சு பெஞ்சாக விசாரித்து, கடைசியில் ஒரு பிள்ளைக்குக் குறைகிறது என்றதும் தன் மேஜைக்கடியில் இருந்த சொந்தக் குடையையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

துணைக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டு வருகிறார். அச்சகத்தில் நாளெல்லாம் மெஷின் முன்னால் நிற்கிற மனுஷன், மலை ஏறுவாரா என்று கேட்காதே. "உங்க அக்கா என்னை என்ன கேட்பாங்க?" என்று இப்போதே கண்ணாடி முன் நின்று பதில் ஒத்திகை பார்க்கிறார்.

எழுதிய கோபமெல்லாம் வாபஸ் இல்லை. ஆனால் இதற்கு நன்றி.

தங்கச்சி


ஆகஸ்ட் 21

தங்கச்சிக்கு,

நீங்கள் போனதிலிருந்து இந்த அறை என்னைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்கிறது. இப்படிப்பட்ட இரைச்சலை இது பார்த்ததே இல்லை.

பஸ் நின்றதும் முதலில் இறங்கியது ஒரு பெரிய மனிதர். முகம் பச்சையாக இருந்தது. இரண்டு கையிலும் குழந்தைகளின் பை. நேராகப் புதரை நோக்கி ஓடினார். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் அண்ணி, நான் நல்லா இருக்கேன்" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை! ஒத்திகை பார்த்தது அதுதானா? அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டே ஒரு குழந்தையையும் மடியிலிருந்து இறக்காமல் வந்தாராமே. நீ கொடுத்து வைத்தவள்.

பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளைகள் பையிலிருந்து எடுத்தபோது போட்ட கூச்சல் எதிர் மலைவரை கேட்டிருக்கும். எல்லாம் தலையணை மாதிரி உப்பியிருந்தன. "யாரு ஊதினா?" என்றான் ஒருவன். காற்று கீழே நம்மை அழுத்துகிறது, மேலே வர வர அந்த அழுத்தம் குறைகிறது, அதனால் உள்ளே அடைபட்ட காற்று கை காலை நீட்டிக்கொள்கிறது என்று நான் நீட்டி முழக்க, கேள்வி ஒரே வரியில் முடித்தாள்: "அதுக்கும் ஊருக்கு வந்தா ஜாலியா இருக்கு."

ஆனால் என் மானம் போனது மழையில்தான். 'வந்தால் வந்தால்' என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். உங்கள் படை மழைச்சட்டையும் குடையுமாகக் கடைசித் திருப்பம் ஏறி வந்தால், தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயிலில் பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு, "மழை எங்க ஆன்ட்டி?" என்று என்னையே குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள். நல்லவேளை, விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார்கள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு அதை எழுத வராது. இத்தனை வருடம் தினமும் பார்த்த காட்சி அது. நேற்றுதான் அழகாக இருப்பதைப் பார்த்தேன்.

போகிற அவசரத்தில் என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது இறக்கத்தில் வழுக்காமல் இருக்கப் பிடித்தாயா?

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

போட்டுவிட்டேன், பார்த்தாயா?

வகுப்புச் சுவரெல்லாம் உன் மலைதான். எல்லோரும் படம் வரைந்திருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் மேகத்துக்குக் கீழே மழை, மேகத்துக்கு மேலே நாங்கள். ஒரு படத்தில் மட்டும் ஓரமாக ஒருவர் புதருக்கருகில் குனிந்திருக்கிறார். வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கி வந்து அச்சகத்தில் மாட்டியிருக்கிறார்.

முதலில் பெரிய செய்தி. நாம் வெயிலில் நின்று, கீழே வெள்ளையாக ஊரையே மூடியிருந்த மேகத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்த அதே நேரம், இங்கே விடாமல் மழை. குடையைத் தானம் பண்ணிவிட்ட எங்கள் தலைமையாசிரியை தொப்பலாக நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாராம். மறுநாள் தும்மிக்கொண்டே, "உங்க அக்கா மலைக்குத்தான் எழுதிக் கொடுத்தாங்க, எனக்கு எழுதிக் கொடுக்கலியே" என்றார். அடுத்த வருடம் தானும் வருகிறாராம்.

கேள்வி தன் டப்பாவில் மேகம் பிடித்துக்கொண்டு போனாள் அல்லவா? ஏறும்போது மேகத்துக்குள் நடந்தோமே, அங்கே திறந்து மூடியது. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துத் திறந்திருக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை, ஓரத்தில் ரெண்டு சொட்டு ஈரம். அழுவாள் என்று நினைத்தார்களாம். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பஞ்சு இல்ல, தண்ணிதான். டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றாளாம். சொல்லிவிட்டாள். கரும்பலகையில் பஞ்சை அழித்துவிட்டேன்.

இனி, உன்னிடம் சொல்ல வேண்டியது.

சாப்பாட்டு நேரத்தில் பாதிக் கவளத்தில் எழுந்து, "நேரமாச்சு" என்று தெர்மாமீட்டர் வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்க்க நீ போனாய். கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் போல வகுப்பே பின்னால் வந்தது. நான் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாது. கேள்வி கேட்டாள்: "ஒரு நாள் நீங்க வந்து பார்க்கலன்னா என்ன ஆகும் ஆன்ட்டி?"

"ஒண்ணும் ஆகாது. அந்த நேரத்துல இங்க வானம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். அப்புறம் எத்தனை பேர் தேடினாலும் கிடைக்காது."

"லீவே போட மாட்டீங்களா?"

"மாத்து ஆள் வந்தா போடலாம்."

"வரலன்னா?"

நீ பெட்டிக் கதவைச் சாத்தினாய். "வரலன்னா இல்ல. என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போகல. அன்னிக்கும் இதே மாதிரிதான், மேல பளிச்சுன்னு வெயில், கீழ வெள்ளையா மூடிக் கிடந்துச்சு. அந்த விளிம்புல போய் நின்னேன். இதுக்கு அடியில எங்கயோ அவ நனைஞ்சுக்கிட்டு இருக்கான்னு மட்டும் தெரிஞ்சுது. கத்தினாக்கூடக் கேட்காது."

ஷூ கயிறு கட்டி முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை, "டீச்சர், முடிச்சு விழுந்துடுச்சு" என்றது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

'இங்க பளிச்சுன்னு இருக்கு' என்று அன்றைக்கு நீ சொன்னாயே. பளிச்சென்றுதான் இருந்திருக்கும் அக்கா. நான் உன் வானத்தைக் கேட்டுவிட்டு, அதை என் வானம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த விளிம்பில் நின்று பார்க்கும்வரை எனக்கு அது புரியவே இல்லை. மூன்றாம் வகுப்புப் பாடம், நான்தான் கடைசியாகப் படித்தேன்.

ஒரு தடவை அளக்காவிட்டால் வானம் இடிந்து விழுமா என்று கேட்டேன். விழாது. யாரும் பார்க்காத வானமாகிவிடும். நீ அப்படி விடக்கூடியவள் இல்லை. நாற்காலியை மட்டும் விட்டுவிட்டாய், பரவாயில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நீ அங்கே வெயிலில் நின்று ஆடியிருக்கிறாய்.

இறக்கத்தில் வழுக்காமல் இருக்கப் பிடித்தேன் என்று நினைக்காதே. இறங்கவே மனசில்லாமல் பிடித்தேன்.

எங்கள் வீட்டுக்கு எப்போது வருவாய்? கட்டாயம் என்றெல்லாம் எழுத வேண்டாம். நீ எழுதித் தருவதில்லை என்று எனக்குத் தெரியும். முடிந்தால் வா.

உன் தங்கச்சி


செப்டம்பர் 3

மலை வானிலை நிலையம்

பெறுநர்: என் தங்கச்சியும் மாப்பிள்ளையும், அவர்கள் வீடு.

பொருள்: வருகை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கீழே காற்று எப்படி வீசும் என்று தெரியாது. வானம் எப்படி இருக்கும் என்று தெரியாது. மழை வருமா என்று என்னைக் கேட்க வேண்டாம்.

மாற்று ஆள் நேற்றே மேலே வந்துவிட்டார். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், காய்ச்சல் இல்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன் என்று அவர் அலுத்துக்கொள்கிறார். அவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தாலும், அவருக்கும் ஒரு மாற்று ஆள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே, ஞாயிறு காலை நான் வருவேன். கட்டாயம் வருவேன். இதை மட்டும் எழுத்தில் தருகிறேன்.

வெளியே ஒரு நாற்காலி போட்டு வை. மழை பெய்தாலும் அதை உள்ளே எடுக்க வேண்டாம். நான் அதில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,

அக்கா

(கையொப்பம். முத்திரையும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது, செல்லும்.)